ஏறிக்கொண்டே போன கோடு

படகில் யாரும் இல்லை என்று தரகர் சொன்னார். ஆனால் அது ஆள் ஏறிய படகைப் போலத்தான் நின்றது.

அவள் அதை உடனே கவனித்தாள் என்று சொல்ல முடியாது. கணவர் போன பிறகு எதுவும் அவளுக்கு உடனே எட்டுவதில்லை. கண் முதலில் பார்த்துவிடும். பார்த்த செய்தி, பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வரும் தபாலைப் போல, பிறகு ஏதோ ஒரு நேரத்தில் வந்து சேரும். மிதவைகளின் மேல் பலகை அடித்த அந்த நீண்ட நடைமேடையின் இரு பக்கமும் பாய்மரப் படகுகள் கட்டிக் கிடந்தன. பாய் சுருட்டிய மரங்களில் கயிறுகள் காற்றுக்குத் தட்டிக்கொண்டே இருந்தன. டீசல் வாசனை, வெயிலில் காயும் பாசியின் வாசனை, யாரோ புதிதாகப் பூசிய வார்னிஷின் வாசனை. ஒவ்வொரு படகின் இடுப்பைச் சுற்றியும் ஒரு வண்ணக் கோடு ஓடியது. தண்ணீர் எதுவரை வரலாம் என்பதற்காகப் பூசும் நீர்க்கோடு. சாமான் ஏற்றாத படகென்றால் கோடு தண்ணீருக்கு மேல் பளிச்சென்று தெரியும். வரிசையின் கடைசியில் நின்ற சிறிய வெள்ளைப் படகில் மட்டும் கோட்டைக் காணோம். குனிந்து பார்த்தாள். தண்ணீருக்கு அடியில், ஒரு விரல் ஆழத்தில், நீலமாக நெளிந்துகொண்டிருந்தது.

“சாமானெல்லாம் எடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

“துடைச்சு எடுத்தாச்சும்மா. ஓனரோட பொண்ணு வந்து கரண்டி முதற்கொண்டு அள்ளிட்டுப் போயிட்டாங்க. மெத்தையைத் தவிர உள்ள ஒண்ணும் கெடையாது.”

“அப்புறம் ஏன் சார் இப்படி அமுங்கி உக்காந்திருக்கு? விருந்து சாப்பிட்டு எந்திரிக்க முடியாத ஆள் மாதிரி,” என்றான் கூட வந்த கொழுந்தன்.

தரகர் சிரித்தார். வாய் மட்டும் சிரித்தது. “தண்ணி டேங்க் ரெண்டும் ரொம்பியிருக்கும் சார். திறந்துவிட்டா ஏறிடும்.”

கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே ஆட்களோடு நின்றுபோகும் லிஃப்டுகளை மறுபடி ஓட வைப்பது அவன் வேலை; எடை என்று வந்துவிட்டால் அவனுக்கு மூக்கு வியர்க்கும். வீட்டில் பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. லிஃப்டுக்கு மேலே உள்ள இயந்திர அறையிலேயே கை காலை மடக்கிக்கொண்டு தூங்கியவன் என்று அவன் அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணன் இப்போது இல்லை. அண்ணன் போன நாளிலிருந்து ஒவ்வொரு விடுமுறை நாளும் அவன் தன் காரை எடுத்துக்கொண்டு வந்து, அவள் வாசலில் நின்று, “அண்ணி, கெளம்பலாமா?” என்று கேட்கிறான். அவளுக்குப் பெற்றோர் இல்லை, பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. உறவுமுறை சொல்லி அவளைக் கூப்பிடுவதற்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு குரல்தான். அதுவும் போய்விட்டால் தனக்குப் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று சில சமயம் அவள் நினைத்துக்கொள்வாள்.

படகு வாங்குவது அவளும் கணவரும் சேர்ந்து போட்ட திட்டம். வார இறுதிகளில் அடுத்தவர்கள் படகில் பாய் கட்டவும் சுக்கான் பிடிக்கவும் இருவரும் பழகியிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருந்து, கரையோரமாக மெல்ல மெல்லப் போவது என்று பேச்சு. அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, விடலாம்’ என்று ஆயிரக்கணக்கான நெஞ்சுகளுக்குச் சொன்னவள், ஒரு நாள் தன் கணவருக்கும் சொன்னாள். படம் திரையில் வந்தபோது டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போது ஏதோ ஒன்று அவளுக்குள் மூச்சைப் பிடித்தது. விடலாம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அழுகை வரவில்லை, தூக்கம் வரவில்லை. சூடு பட்டால்கூடக் கை மெதுவாகத்தான் விலகியது. திட்டம் மட்டும் தானாக நடந்துகொண்டிருந்தது; அவள் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

தரகர் நடைமேடையிலேயே நின்றுகொண்டார். “நீங்க பாருங்க. எனக்கு முழங்கால் வலி.”

“படகு விக்கிறவருக்கு முழங்கால் வலின்னா எப்படி சார்? எனக்கு லிஃப்டுன்னா பயம்னு சொல்ற மாதிரி இருக்கு,” என்றபடி கொழுந்தன் தாண்டி ஏறினான். சிறிய படகு, ஒரு ஆள் கால் வைத்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் அமுங்கி நிமிரும். அவனுக்கு அமுங்கியது. அவளுக்கும் அமுங்கியது.

உள்ளே இறங்கியதும் சத்தங்கள் மாறின. வெளியே தட்டிக்கொண்டிருந்த கயிறுகள், இங்கே யாரோ பக்கத்து அறையில் பொறுமையாக ஆணி அடிப்பதைப் போலக் கேட்டன. தண்ணீர் ஃபைபர் சுவரை நக்கும் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே வந்து போனது. பூட்டிக் கிடந்த படகில் வழக்கமாக வரும் பூஞ்சை வாடை இல்லை. தூங்கி எழுந்தவர்கள் கதவைத் திறக்காமல் விட்டுப்போன படுக்கையறையின் வாடை இருந்தது. தலையணை உறையின் வாடை, வியர்வை காய்ந்த வாடை. கொழுந்தன் தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்தான். அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. டேங்குகளைத் தட்டிப் பார்த்தான்.

“டேங்க் ரெண்டும் காலி அண்ணி. டங்குனு கேக்குது பாருங்க.”

அவள் முன்பக்க அறைக்குப் போனாள். இருவர் படுக்கும் படுக்கை அங்கேதான் இருந்தது, படகின் மூக்குக்குள் முக்கோணமாக. மெத்தை வெளிறிய பச்சை. அவள் வலது பக்கம் படுத்துக் கண்ணை மூடினாள். வீட்டுக் கட்டிலில் அவள் இன்னும் வலது பக்கம்தான் படுக்கிறாள்; இடது பக்கம் அமுங்குவதற்கு ஆளில்லாமல் மெத்தை பலகை மாதிரி விறைத்துக் கிடக்கும். இங்கே அப்படி இல்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. மெத்தை அந்தப் பக்கம் பள்ளமாக இருந்தது. பக்கத்தில் கனமான ஒருவர் படுத்திருந்தால் எப்படிச் சாயுமோ, அப்படி.

கையை நீட்டித் தடவினாள். மெத்தை மேலே சமமாகத்தான் இருந்தது.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று உணர்வில் தட்டியது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. மரத்துப்போன காலில் முதல் எறும்பு ஊர்வதைப் போல. தூக்கம் வருமோ என்று காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து வெளியே வந்து, “சர்வேயரை வெச்சு இதை ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாம் தம்பி,” என்றாள்.

கொழுந்தன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். “எங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு அண்ணி. அதுக்கு நீர்க்கோடெல்லாம் கெடையாது. கசிவு மட்டும் உண்டு.”

“உன் பொண்டாட்டி என்னை ஒரு வாரம் தாங்குவா.”

“என்னையே இத்தனை வருஷம் தாங்குறா.”

அவள் சிரித்தாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தில் ஏதோ அசைந்தது.

மறுநாள் காலை படகைக் கிரேனில் தூக்கினார்கள். அகலமான இரண்டு பட்டைகள் படகின் வயிற்றுக்கு அடியில் போய் இறுகின. மோட்டார் முனகியது. பட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. கிரேன்காரர் தன் கூண்டில் இருந்த எடைத் திரையைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், மோட்டாரை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா எறங்குங்க. ஆளோட தூக்கக் கூடாது.”

“யாரும் இல்லண்ணே,” என்றான் கொழுந்தன்.

“நாலு பேர் கனம் ஜாஸ்தியாக் காட்டுதே. நல்லாப் பாருங்க.”

கொழுந்தன் தானே ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். “காலி. நம்ம லிஃப்டா இருந்தா இந்நேரம் பீப் பீப்னு கத்தியிருக்கும்.”

சர்வேயர் நடுத்தர வயதுப் பெண்மணி. தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னச் சுத்தியலால் படகின் உடம்பெங்கும் தட்டிக் கேட்டார். எங்கும் ஒரே மாதிரி கெட்டியான ஓசை. ஈரம் பார்க்கும் கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. பிறகு நீலக் கோட்டுக்குக் கீழே ஓரிடத்தில் பாசியைத் துடைத்துவிட்டு, சுரண்டியால் பெயின்டைச் சுரண்டத் தொடங்கினார். மேல்பூச்சு உரிந்தது. அதற்கடியில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு ஒரு விரல் கீழே பச்சை. இன்னும் ஒரு விரல் கீழே, வெளிறிப்போன கறுப்பு.

“இது என்ன?” என்றாள் அவள்.

“பழைய நீர்க்கோடு எல்லாம். படகுல குடியிருந்தா சாமான் சேரும், படகு அமுங்கும். அமுங்கினா கோட்டை மேல ஏத்திப் பூசிடுவாங்க. எல்லாரும் செய்றதுதான்.” அவர் சுரண்டியைத் துடைத்தார். “ஓனர் மாறும்போது சாமான் போகும். படகு பழைய கோட்டுக்கு ஏறணும். இது ஒரு தடவைகூட ஏறல போலிருக்கு.”

“இப்ப நீலக் கோடும் தண்ணிக்குள்ளதானே இருந்தது?”

“ஆமா. கடைசி ஓனர் இன்னும் ஏத்திப் பூசல.” அவர் கொஞ்ச நேரம் அந்த நான்கு நிறங்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். “ஓட்டை இல்ல, ஈரம் இல்ல, ஒட்டு இல்ல. இந்த வயசுக்கு நல்ல உடம்பு. ஆனா ஒரு படகு ஏன் கனமா இருக்குன்னு எனக்குத் தெரியலைன்னா நான் அதுக்கு நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன். வேற பாருங்கம்மா.”

படகு பழுதுபார்க்கும் அந்த யார்டின் வாசலில், நிழலில், ஒரு கார் நின்றிருந்தது. ஓனர் வந்திருக்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். அவள் பேசலாம் என்று போனாள். பின்சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நோய் எதுவும் தெரியவில்லை. நன்றாகச் சவரம் செய்து, தலை வாரி, அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். பக்கத்தில் மகள். மகளின் இடது கை அவர் தோளின் மேல் இருந்தது. அன்பாக வைத்த கை மாதிரித் தெரியவில்லை; காற்றில் பறக்கப்போகும் மேஜைத்துணியை அமுக்கிப் பிடிப்பதைப் போல இருந்தது. கார் ஜன்னல்கள் எல்லாம் ஏற்றியிருந்தன. மகள் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் விரல் நுழையும் அளவுக்கு இறக்கினாள்.

“ஐயாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். எறங்க முடியுமா?”

“அப்பா எறங்க மாட்டாங்க,” என்றாள் மகள். “இன்னிக்குக் காத்து இருக்கு.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு.” மகளின் கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளும் தூங்குவதில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. “படகு புடிச்சிருந்தா எடுத்துக்குங்க. இல்லன்னா விட்டுடுங்க. உள்ள ரொம்ப நேரம் இருக்காதீங்க.”

பெரியவர் இன்னும் புன்னகை செய்துகொண்டிருந்தார். “அருமையாத் தூக்கம் வரும்மா அதுல,” என்றார். மகள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் அதைத்தான் சொல்ல இருந்தாள். படகை மறுபடி தண்ணீரில் இறக்கி, பழைய இடத்தில் கட்டி முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தரகர் யாருடனோ போனில் பேசிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். கொழுந்தன் கைகளைத் துடைத்தபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

“உங்களுக்கு இது புடிச்சிருக்கு,” என்றான்.

“இல்லப்பா.”

“ஏன் மறைக்கிறீங்க? நேத்து அந்த ரூம்லேருந்து வரும்போது உங்க முகத்துல ரத்த ஓட்டம் தெரிஞ்சுச்சு. அண்ணன் போனதுலேருந்து நான் அதைப் பாக்கல.”

மெத்தை சாய்ந்த பக்கம் இன்னும் அவள் உடம்பில் இருந்தது.

“சர்வேயரம்மா அவங்க பரிட்சையை வெச்சாச்சு. அண்ணன் பரிட்சை பாக்கி இருக்கே,” என்றான்.

அண்ணனின் பரிட்சை என்பது வேறொன்றுமில்லை. தூங்கிப் பார்ப்பது. இஞ்சினை மாற்றலாம், பாயை மாற்றலாம், தூக்கம் வராத படகை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர் கட்சி. பார்க்கப் போன ஒவ்வொரு படகிலும், தரகர்கள் வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்னறையில் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார். அவள் மேலே சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எழுந்து வந்து, ‘இது வேணாம்’ என்பார். படகு வாங்குகிறேன் என்று சொல்லி ஊரிலுள்ள படகுகளிலெல்லாம் தூங்கிவிட்டு வருகிறார் என்று தம்பி கேலி செய்வான். அவர் போன பிறகு அவள் பார்த்த படகுகளில் அந்தப் பரிட்சையை யாரும் செய்யவில்லை. அவளால் தூங்க முடியாது.

“வேணாம் தம்பி. நேரமாகுது.”

“பத்து நிமிஷம். அண்ணனுக்குப் பதிலா நான். இந்த வேலைக்கு என்னைவிட்டா ஆள் கெடைக்குமா?” பேச்சோடு பேச்சாக அவன் படகில் ஏறிவிட்டான். படகு அமுங்கி நிமிர்ந்தது. “தூக்கம் நல்லா வந்துச்சுன்னா வாங்கிடுங்க. வரலைன்னா எங்க மாடி ரூம். சரியா?”

சரி என்று அவள் தலையசைத்தாள். அதற்குப் பிறகு அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தது அந்தத் தலையசைப்பை அல்ல, அவன் செருப்பை. ஒருவர் வீட்டுக்குள் போவதைப் போல, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவன் உள்ளே இறங்கினான்.

அவள் சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். துறைமுகத்தின் தண்ணீர் ஈய நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ டெக்கைக் கழுவும் சத்தம், நின்று, மறுபடி தொடங்கி, நின்றது. உள்ளே அவன் புரண்டு படுத்தான். மெத்தையின் ஃபோம் பெருமூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டை. அண்ணனின் குறட்டையேதான், ஒரு கட்டை மட்டும் குறைவு. அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு பழையபடி உட்கார்ந்திருப்பது அவளுக்கு நன்றாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கயிறுகள் தட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

அப்போது படகு அமுங்கியது.

யாரோ ஏறுகிறார்கள் என்று நினைத்தாள். தரகராக இருக்கும். கண்ணைத் திறந்தாள். நடைமேடையில் யாரும் இல்லை.

ஏறுபவர் கால் வைத்தால் படகு ஒரு பக்கமாக அமுங்கும், பிறகு நிமிரும். இது ஒரு பக்கமாக அமுங்கவில்லை. மொத்தமாக, சமமாக, மெல்ல இறங்கியது. தூக்கத்தில் ஒருவர் மூச்சை முழுவதுமாக விடும்போது நெஞ்சு இறங்குவதைப் போல. இறங்கிய இடத்திலேயே நின்றது.

குறட்டை நின்றிருந்தது.

எட்டிப் பார்த்தாள். படகின் பக்கவாட்டில் கழிவு நீர் போகும் துளை ஒன்று, சற்று முன்பு வரை தண்ணீருக்கு மேலே இருந்தது. இப்போது தண்ணீருக்குள் இருந்தது. அதிலிருந்து குமிழிகள் வந்தன. ஒன்று. ஒன்று. பிறகு நின்றுவிட்டன.

“தம்பி.”

மறுபடி கூப்பிட்டாள்.

கீழே இறங்கினாள். உள்ளே இருட்டிவிட்டிருந்தது. அந்தப் படுக்கையறை வாடை இப்போது கெட்டியாக இருந்தது, வெதுவெதுப்பாக, ஒரு அறை நிறையப் பேர் ஒன்றாகத் தூங்குவதைப் போல. மூச்சுச் சத்தம் கேட்டது. ஒருவர் மூச்சு இல்லை. ஒன்று இழுக்கும்போது ஒன்று விட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முன்னறையில் அவன் மல்லாந்து படுத்திருந்தான். வாய் திறந்திருந்தது. மெத்தையில் பள்ளங்கள் இருந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. தோள், இடுப்பு, குதிகால். ஆட்கள் இல்லாத பள்ளங்கள். அவன் படுத்திருந்த இடத்தில்தான் புதிய பள்ளம், எல்லாவற்றிலும் ஆழமாக இருந்தது.

அவன் அதற்குள் இல்லை. அதற்கு மேலே இருந்தான். முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். முழு பலத்தோடு இழுத்தாள், தூங்குகிற ஆண்பிள்ளையை இழுக்க வேண்டிய பலத்தோடு. அவன் வந்துவிட்டான். அவ்வளவு சுலபமாக வந்தான். கொடியிலிருந்து உருவிய சட்டையைப் போல வந்து அவள்மேல் விழுந்தான். விழுந்தது தெரியவில்லை.

“என்ன அண்ணி?” கண்ணைக் கசக்கினான். “ஏன் இப்படி இழுக்குறீங்க? நல்லாத் தூக்கம் அண்ணி. எத்தனை வருஷம் ஆச்சு இப்படித் தூங்கி.”

“வா. போகலாம்.”

“வாங்கிடலாம் அண்ணி இதை. அண்ணன் இருந்தா—”

“வா.”

அவனை முன்னால் விட்டுப் பின்னால் ஏறினாள். அவன் நடைமேடைக்குத் தாண்டினான். படகு அசையவில்லை. ஆள் இறங்கிய படகு ஏற வேண்டும். ஏறவில்லை. அவள் இறங்கினாள். அவளுக்கு மட்டும் அது லேசாக நிமிர்ந்தது.

நடைமேடையின் மிதவைகள் அடிக்கு அடி அமுங்கி, தண்ணீரைக் களக் களக்கென்று உறிஞ்சின. அவள் நடைக்கு மட்டும். அவன் பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தான். அவன் காலுக்கடியில் பலகைகள் சும்மா கிடந்தன. அவன் சட்டை முதுகைப் பற்றிக்கொண்டு நடந்தாள். காற்று வந்தபோதெல்லாம் சட்டை அவள் கையை இழுத்தது.

“செருப்பை விட்டுட்டேன் அண்ணி.”

“பரவாயில்ல.”

“புதுச் செருப்பு.”

“நட.”

காரை அவளே எடுத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான், ஜன்னலை முழுவதும் இறக்கினான், புழுக்கமாக இருக்கிறது என்றான். பெல்ட் போட மறந்துவிட்டான். முன் இருக்கையில் யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அந்தக் கார் போடும்வரை கத்தும். கத்தவில்லை. கார் அவனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் சாவியைத் திருகினாள், கியர் போட்டாள். கைகள் அவற்றின் வேலையைச் செய்தன. அவளுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ‘வீட்டுக்குப் போய்விடலாம், முதலில் வீட்டுக்குப் போய்விடலாம்’ என்று மட்டும் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது.

“மாடி ரூமுக்குப் புதுசா ஃபேன் வாங்கி வெச்சிருக்கேன்னு சொல்லவே இல்லையே உங்ககிட்ட,” என்றான் அவன். “நீங்க வருவீங்கன்னு நெனச்சு வாங்கினது. சரி விடுங்க. படகுல மாட்டிக்கலாம்.”

யார்டு வாசலில் வேகத்தடை இருந்தது. மெதுவாகத்தான் ஏறினாள். கார் ஏறி இறங்கியது. அவள் உடம்பு இருக்கையில் அழுந்தி எழுந்தது.

அவனும் எழுந்தான். இறங்கவில்லை.

மெல்ல, அவசரமில்லாமல் மேலே போனான். தலை காரின் கூரையைத் தொட்டு நின்றது. முழங்கால்கள் உட்கார்ந்த மாதிரியே மடங்கியிருந்தன. இருக்கைக்கும் அவனுக்கும் நடுவே எதிர்ப்பக்கத்து விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. ஃபேனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். மூன்று வேகம் இருக்கிறதாம். சத்தமே போடாதாம்.

கடலிலிருந்து காற்று வந்தது. அவன் ஜன்னல் பக்கமாகச் சாயத் தொடங்கினான். முதலில் முழங்கை வெளியே போனது. பிறகு தோள். சட்டைக்குள் காற்று நிறைந்து பாயைப் போல விம்மியது.

அவள் பிரேக்கை மிதித்து, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடாக இருந்தது. நாடி துடித்தது. கனம் இல்லை. மற்றக் கையால் ஜன்னலை ஏற்றும் பொத்தானைத் தேடினாள். விரல்கள் கதவின் மேல் தடவித் தடவிப் போயின. எது எந்தப் பொத்தான் என்று விரல்களுக்குப் புரியவில்லை.

“என்ன அண்ணி, நிறுத்திட்டீங்க?” பாதி வெளியே போன முகத்தைத் திருப்பி, அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். “போங்க. நல்ல காத்து.”